கொல்லத்துக்கு ட்ரெயின்ல போறீங்களா? மலைய மட்டும் தூங்கிட்டே தாண்டிறாதீங்க

தம்பி கேட்டது இதுதான். சென்னையில இருந்து ரெண்டு பேரு, கையில நாலு நாள் லீவு, கொல்லத்துல வேலை பாக்குற காலேஜ் ஃப்ரெண்ட போய் பாக்கணும், போறது ட்ரெயின்லதான், அப்படியே வழியில ஊரும் சுத்திப் பாக்கணும், எந்த ட்ரெயின் பிடிச்சா நல்லது? எனக்கு சொந்த ஊரு தென்காசி பக்கம், கொல்லத்துல ரெண்டு மூணு பழைய கூட்டாளிங்க இருக்காங்க, அந்த லைன்ல மீட்டர் கேஜ் ஓடுன காலத்துல இருந்தே போயிட்டு வந்துட்டு இருக்கேன். அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

சென்னையில இருந்து கொல்லத்துக்கு மூணு வழி. சென்ட்ரல்ல திருவனந்தபுரம் மெயில் ஏறுனா காட்பாடி, சேலம், ஈரோடு, பாலக்காடு, கோட்டயம்னு வடக்க சுத்திக்கிட்டு போகும். எக்மோர்ல அனந்தபுரி ஏறுனா மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம்னு தெக்க சுத்திக்கிட்டு வரும். மூணாவது நடுவால, செங்கோட்டை வழியா மலைய ஏறி இறங்குற லைன், அதுல எக்மோர் - கொல்லம் எக்ஸ்பிரஸ் ஓடுது. நீங்க ஊரு பாக்கணும்னு சொன்னதால மத்த ரெண்டையும் விட்டுருங்க, இந்த நடு வழிதான்.

ஆனா இங்கதான் எல்லாரும் ஒரு தப்பு பண்றாங்க. செங்கோட்டை வழியா போனா சூப்பரா இருக்கும்னு எங்கயோ வீடியோ பாத்துட்டு அந்த எக்மோர் - கொல்லம் வண்டியிலயே டிக்கெட் போட்டுருவாங்க. அது சாயங்காலம் கிளம்பி விடியுறதுக்கு முன்னாடியே தென்காசி வந்துரும், செங்கோட்டை தாண்டி மலை ஏற ஆரம்பிக்கிறப்போ இன்னும் இருட்டு, அதுவும் மார்கழி மாசம்னா சொல்லவே வேண்டாம், புனலூர் கிட்ட வரும்போதுதான் நல்லா வெளிச்சம் வரும், அதுக்குள்ள பாக்க வேண்டியதெல்லாம் பின்னாடி போயிருக்கும். ஏசி பெட்டியில போத்திக்கிட்டு படுத்திருந்தா அதுவும் தெரியாது. காசு குடுத்து இருட்ட பாத்துட்டு வந்த ஆளுங்க நிறைய பேர எனக்கு தெரியும்.

அதனால நான் சொல்றது, ரெண்டு டிக்கெட்டா போடுங்க. முத நாள் ராத்திரி எக்மோர்ல பொதிகை எக்ஸ்பிரஸ். அது காலையில தென்காசி வந்து செங்கோட்டையோட நின்னுரும். தென்காசியில இறங்குங்க, அன்னைக்கு பூரா குற்றாலம், ராத்திரி அங்கயே தங்கல். அடுத்த நாள் மத்தியானத்துக்கு மேல மதுரையில இருந்து குருவாயூர் போற எக்ஸ்பிரஸ் தென்காசி, செங்கோட்டை வழியா வரும், அதுல ஏறுனா மலை பூரா பகல்ல பாத்துக்கிட்டே பொழுது சாயும்போது கொல்லம் போய் இறங்கலாம். ஃப்ரெண்டும் ஆபீஸ் முடிச்சுட்டு உங்கள கூப்பிட வர்ற நேரமா இருக்கும், விடியக்காலம் அவர எழுப்ப வேண்டாம் பாருங்க. நேரமெல்லாம் அப்பப்போ மாத்துவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஆப்ல ஒருதடவ பாத்துக்கோங்க. எக்மோர்ல ஸ்டேஷன் கட்டுற வேலை நடக்குறதால சில வண்டிங்கள தாம்பரத்துல இருந்து எடுக்குறாங்க, அதையும் டிக்கெட்ல ஒரு பார்வை பாத்துருங்க.

டிக்கெட் விஷயம் சுருக்கமா. முன்னாடி மாதிரி 120 நாள் கிடையாது, 2024 நவம்பர்ல இருந்து 60 நாளைக்கு முன்னாடிதான் ரிசர்வேஷன் ஓப்பன் ஆகும். பொதிகையில வெள்ளிக்கிழமை டிக்கெட் எல்லாம் ஓப்பன் ஆன கொஞ்ச நேரத்துல வெயிட்டிங் லிஸ்ட் போயிரும், எங்க ஊர்க்காரன் பாதிப்பேரு தாம்பரத்துலயும் குரோம்பேட்டையிலயும்தான் இருக்கான், அவ்வளவு பேரும் அந்த வண்டிய நம்பித்தான் இருக்கோம். தட்கல்னா முத நாள் காலையில ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, இப்ப ஆன்லைன்ல தட்கல் எடுக்க ஆதார் வெரிஃபிகேஷன் வேணும், அந்த நேரத்துல போய் பண்ணிக்கலாம்னு இருக்காதீங்க, இப்பவே பண்ணி வச்சுருங்க. செங்கோட்டை - கொல்லம் பகல் வண்டிக்கு அன்ரிசர்வ்ட் டிக்கெட்டே போதும், ரயில்ஒன் ஆப்லயே எடுத்துக்கலாம். ஏசி மட்டும் வேண்டாம், அந்த மங்குன கண்ணாடி வழியா மலைய பாக்குறதுக்கு வீட்லயே டிவி பாத்துறலாம்.

ஒரு எச்சரிக்கை, இது நான் சொந்தமா பட்டது. மதுரை - புனலூர் எக்ஸ்பிரஸ்னு ஒரு வண்டி இருக்கு. புனலூர் இந்த மலை லைன்ல இருக்குற ஊருதானே, அப்ப செங்கோட்டை வழியாத்தான் போகும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு, இந்த ஊர்லயே பொறந்தவன் வேற, பெருமையா சென்னை சொந்தக்கார பையன் ஒருத்தனையும் கூட்டிக்கிட்டு மதுரையில ராத்திரி ஏறி படுத்துட்டேன். முழிச்சு பாத்தா நாகர்கோவில். அந்த வண்டி திருநெல்வேலி, நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம்னு ஒரு பெரிய சுத்து சுத்திட்டு அந்தப்பக்கமா புனலூருக்கு போகுது. கொல்லம் போய் சேந்துட்டோம், ஆனா மலையே இல்ல. அந்த பையன் இன்னைக்கும் கல்யாண வீட்ல எங்கயாவது பாத்தா "மாமா, மலை எங்க மாமா"ன்னு கேக்குறான். பேர பாத்து ஏறாதீங்க, வழிய பாத்து ஏறுங்க.

இப்ப தென்காசிக்கு வருவோம். ஸ்டேஷன்ல இறங்குனதும் காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம் தெரியும், கிட்டத்தட்ட 180 அடி. 15-ம் நூற்றாண்டுல பராக்கிரம பாண்டியன் கட்டுன கோயில், ரொம்ப காலமா மொட்டையா நின்ன கோபுரத்த திரும்ப எழுப்பி 1990-ல கும்பாபிஷேகம் பண்ணாங்க. கோபுர வாசல்ல நின்னு பாருங்க, காத்து ஆளத் தள்ளும், நல்ல வெயில் காலத்துலயும் அந்த எடத்துல வேர்க்காது. பாலக்காட்டு கணவாய் மாதிரி இந்தப்பக்கம் செங்கோட்டை கணவாய், மலையில ஒரு சின்ன இடைவெளி, தென்மேற்கு பருவக்காத்து அது வழியாத்தான் எங்க ஊருக்குள்ள வருது, சாரலும் அதுலதான் வருது. நீங்க போகப்போற ட்ரெயினும் அதே இடைவெளியிலதான் போகுது.

குற்றாலம் தென்காசியில இருந்து 5 கிலோமீட்டர், டவுன் பஸ் வந்துக்கிட்டே இருக்கும். ஜூன் கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சீசன், அப்பன்னா தண்ணியும் இருக்கும் தலையும் இருக்கும். மெயின் ஃபால்ஸ்ல சனி ஞாயிறு க்யூவுல நின்னு குளிக்கிறத விட ஐந்தருவியோ பழைய குற்றாலமோ காலையில சீக்கிரமா போயிருங்க. போலீஸ் குளிக்கக் கூடாதுன்னு தடை போட்டிருந்தா சண்டை போடாம திரும்பிருங்க, 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல சட்டுனு காட்டு வெள்ளம் வந்து ஒரு சின்னப் பையன் போயிட்டான், மேல மலையில மழை பெய்யுறது கீழ நிக்குற நமக்கு தெரியாது. அருவிக்கு பக்கத்துலயே சித்திர சபை இருக்கு, நடராஜருக்கு சொல்ற அஞ்சு சபையில ஒண்ணு, மத்த நாலுலயும் சிலையா இருப்பாரு, இங்க சுவத்துல ஓவியமா இருப்பாரு. குளிக்க வர்ற கூட்டத்துல நூத்துல பத்து பேரு கூட அந்தப்பக்கம் எட்டிப் பாக்குறது இல்ல, அதனால உள்ள ரொம்ப அமைதியா இருக்கும்.

ராத்திரி சாப்பாடு பார்டர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல பிரானூர்னு ஒரு ஊரு, அங்க இருக்குற பரோட்டா கடைங்களதான் பார்டர் பரோட்டாம்பாங்க, சின்ன சின்ன பரோட்டா, நாட்டுக்கோழி, காடை, மேல தளதளன்னு சால்னா. வெளியூர்க்காரங்க கேரளா பார்டர எங்கப்பான்னு தேடுவாங்க, கேரளா எல்லை இன்னும் மேற்க, புளியரை தாண்டி கோட்டைவாசல் கிட்ட இருக்கு. அப்புறம் இதுக்கு ஏன் பார்டர்னு பேருன்னா, செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்லயும் அப்புறம் வந்த திருவிதாங்கூர்-கொச்சியிலயும்தான் இருந்துச்சு, அப்ப எல்லை இந்த பிரானூர்தான். எல்லை நகந்து 70 வருசம் ஆகப்போகுது, பரோட்டா மட்டும் நகரல. செங்கோட்டை ஊருக்குள்ள போற வழியில திருவிதாங்கூர் சங்கு முத்திரையோட பழைய வளைவு இன்னமும் நிக்குது. வாஞ்சிநாதன் பொறந்த ஊரும் இதுதான், அவர் 1911 ஜூன் 17 ஆஷ் துரைய சுட்டதும் ஒரு ரயில் பெட்டியிலதான், மணியாச்சி ஜங்ஷன்ல, இப்ப அந்த ஸ்டேஷன் பேரே வாஞ்சி மணியாச்சி.

சரி, இப்ப மெயின் மேட்டர், மலை. செங்கோட்டையில வண்டி கொஞ்ச நேரம் நிக்கும், எறங்கி பின்னாடி பாருங்க, இன்னொரு இன்ஜின கொண்டு வந்து மாட்டுவாங்க. ஏத்தம் அதிகம்ங்கறதால முன்னாடி ஒண்ணு இழுக்க பின்னாடி ஒண்ணு தள்ளும், புனலூர்ல போய் கழட்டி விடுவாங்க. வேகம் 30 கிலோமீட்டர் கிட்டதான், அதுதான் நமக்கு வேணும். பகவதிபுரம் தமிழ்நாட்டு கடைசி ஸ்டேஷன், அது வரைக்கும் வயக்காடு, தென்னை, எதுக்க சுவரு மாதிரி மலை. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு குகை வரும், குகைன்னுதான் நாங்க சொல்லுவோம், பெட்டியில இருக்குற காலேஜ் பசங்க எல்லாம் ஊன்னு கத்துவாங்க, நீங்களும் கத்தலாம் தப்பில்ல. உள்ள நுழையும்போது தமிழ்நாடு, வெளிய வரும்போது கேரளா. இந்தப்பக்கம் வெயில் அடிச்சிருக்கும், அந்தப்பக்கம் மழை பெஞ்சுக்கிட்டு இருக்கும், பச்சையே வேற பச்சை.

அந்தப்பக்கம் முத ஸ்டேஷன் ஆரியங்காவு. இங்க ஐயப்பன் அரசரா, கல்யாணம் ஆன கோலத்துல இருக்காரு, கோயில் ரோட்ட விட்டு பள்ளத்துல இருக்கும். மார்கழியில நடக்குற திருக்கல்யாணத்துக்கு பொண்ணு வீட்டுக்காரங்க யாரு தெரியுமா, மதுரை சௌராஷ்டிரா சமூகம், சாமிக்கே சம்பந்தி முறை, மதுரையில இருந்து சீரோட வருவாங்க. அந்த பக்கத்துலயே பாலருவி இருக்கு, 300 அடி உயரத்துல இருந்து பால ஊத்துன மாதிரி விழும், ஃபாரஸ்ட் செக்போஸ்ட்ல இருந்து அவங்க வண்டியிலதான் போகணும். ஆனா வழியில இறங்கி இறங்கி ஏறுற அளவுக்கு இந்த லைன்ல வண்டி கிடையாது, அதனால பாலருவி பாக்கணும்னா குற்றாலத்துல தங்குற அன்னைக்கே ஒரு கார் பேசி போயிட்டு வந்துருங்க, அதையும் இதையும் ஒரே நாள்ல குழப்பிக்காதீங்க.

ஆரியங்காவு தாண்டி எடப்பாளையம், கழுதுருட்டின்னு வரும். கழுதுருட்டி கிட்டதான் நீங்க வீடியோவுல பாத்த பதிமூணு கண் பாலம். கருங்கல் தூணுங்க, நூறு அடி கிட்ட ஒசரம், கீழ நேஷனல் ஹைவே, அதுக்கும் கீழ ஆறு. 1904-ல இந்த லைன் ஓட ஆரம்பிச்ச காலத்து பாலம். அப்ப கொல்லம் பக்கம் ரயிலே கிடையாது, அதனால இன்ஜின தூத்துக்குடியில இருந்து பார்ட் பார்ட்டா கப்பல்ல ஏத்தி கடல் வழியா கொல்லத்துக்கு கொண்டு போய் அங்க வச்சு பூட்டுனாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. 2010-ல மீட்டர் கேஜ மூடுனாங்க, அகலப்பாதை போட்டு 2018-லதான் திரும்ப வண்டி விட்டாங்க, நடுவுல எட்டு வருசம் மலையில ரயில் சத்தமே இல்ல. பழைய தூணுங்களுக்கு சுத்தி கான்கிரீட் கவசம் போட்டு பலப்படுத்தியிருக்காங்க, அதனால அந்த பழைய கருங்கல் அழகு போயிருச்சுன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு, ஆனா அத செய்யலேன்னா இந்த கனமான வண்டிய அது தாங்காதுல்ல. ஒண்ணு சொல்லிர்றேன், பாலத்து மேல இருந்து பாலம் தெரியாது, ரோட்ல நின்னு பாத்தாத்தான் அழகு, ட்ரெயின்ல இருந்து உங்களுக்கு தெரியுறது பள்ளம்தான். செல்ஃபிக்காக படியில தொங்காதீங்க, அடுத்தடுத்து குகை வரும், சுவரு கைய நீட்டுனா தட்டுற தூரம்.

ஜன்னலுக்கு கீழ அப்பப்ப தண்ணி தெரியும் பாருங்க, அத மட்டும் மறக்காம பாத்து வச்சுக்கோங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன். அது கழுதுருட்டி ஆறு. இதுவும் குளத்தூப்புழை ஆறும் செந்துருணி ஆறும் தென்மலை கிட்ட பரப்பாறுல ஒண்ணு சேந்து கல்லடையாறா ஆகுது. தென்மலையில அதுக்கு குறுக்க பெரிய அணை கட்டியிருக்காங்க, அணைத் தண்ணிக்குள்ள படகு விடுறாங்க, செந்துருணி காட்டுக்கு உள்ள கூட்டிட்டு போவாங்க. செங்குறிஞ்சின்னு ஒரு மரம், அதுல இருந்து வந்த பேருதான் செந்துருணி. அடுத்து புனலூர். அங்க இதே ஆத்து மேல ஒரு தொங்கு பாலம், ஆல்பர்ட் ஹென்றின்னு ஒரு இன்ஜினியர் 1877-ல கட்டி முடிச்சது. பாலம் தாங்குமான்னு ஜனங்க பயந்ததால மேல ஆறு யானைய நடக்க விட்டு, தான் குடும்பத்தோட கீழ படகுல இருந்தாருன்னு ஒரு கதை சொல்லுவாங்க. பகல் வண்டியில இத இறங்கி பாக்க முடியாது, ஃப்ரெண்ட் வண்டி வச்சிருந்தா கொல்லத்துல இருந்து ஒரு அரை நாள்ல வந்து பாத்துட்டு போகலாம்.

புனலூர் தாண்டுனா ரயில் ஆத்த விட்டு விலகி கொட்டாரக்கரை, குண்டரைன்னு போய் கொல்லம் சேரும். கொல்லத்துல பிளாட்பாரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், இந்தியாவுலயே நீளமான பிளாட்பாரங்கள்ல ஒண்ணு. சும்மா ஜிகே இல்ல இது, உங்க பெட்டி எங்க நிக்குதுன்னு பாத்து எந்தப்பக்க வாசல்ல நிக்கணும்னு ஃப்ரெண்டுகிட்ட முன்னாடியே சொல்லிருங்க, இல்லேன்னா அவரு ஒரு கோடியில நீங்க ஒரு கோடியில நின்னுக்கிட்டு "எங்கடா இருக்க" தான்.

வெறுங்கையோட போகாதீங்க. தென்காசியில அல்வா வாங்கிக்கோங்க, சூடா வாழை இலையில மடிச்சது இல்ல, பிரயாணத்துக்கு பேக் பண்ணது. சீசன்னா குற்றாலத்துல மங்குஸ்தான், ரம்புட்டான் கிடைக்கும், ஆனா அது கேரளாவுலயும் கிடைக்கும், வேஸ்ட். என் கூட்டாளி வீட்டம்மாவுக்கு நான் எப்பவும் கொண்டு போறது கருப்பட்டி, ஒருதடவ மறந்துட்டு போயிட்டேன், கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் வச்சாங்க, ஆனா காபி மட்டும் சீனி போட்டு வந்துச்சு. வரும்போது அவங்க ஊரு முந்திரிப் பருப்பு, எங்க பக்கம் அத கொல்லாங்கொட்டைம்போம்.

ஃப்ரெண்ட் வீட்ல ரெண்டு நாள் இருப்பீங்க. ரெண்டு நாளும் அவர லீவு போடச் சொல்லாதீங்க, ஒருநாள் நீங்களா சுத்துங்க. காலையில லோக்கல் ட்ரெயின் பிடிச்சு வர்க்கலா போங்க, அரை மணி நேரந்தான், கடலுக்கு மேல செம்மண் பாறை செங்குத்தா நிக்கும், பக்கத்துலயே ஜனார்த்தனசாமி கோயில், சிவகிரியில நாராயண குரு சமாதி. சாயங்காலம் கொல்லம் திரும்பி தங்கசேரி லைட் ஹவுஸ், 1902-ல கட்டுனது, பக்கத்துல போர்ச்சுகீசியர் கோட்டை இடிஞ்சு கிடக்கு. சடையமங்கலம் ஜடாயு சிலையும் இருக்கு, 200 அடி நீளம், குழந்தைங்க இருந்தா போகலாம், ரெண்டு இளவட்டம் நாலு நாள் லீவுல போறதுக்கு நான் அத சொல்ல மாட்டேன்.

ஃப்ரெண்டோட போக வேண்டிய எடம் மன்றோ துருத்து. அந்த ஊருக்கு தனி ரயில்வே ஸ்டேஷனே இருக்கு, மெமுங்கற லோக்கல் ட்ரெயின் நிக்கும். விடியக்காலம் ஆறு மணிக்கெல்லாம் அங்க இருக்கணும், சின்ன வள்ளத்துல ஒருத்தர் கழி ஊனி ஓடைக்குள்ள கூட்டிட்டு போவாரு, ரெண்டு பக்கமும் தென்னை, கயிறு திரிக்கிற வீடு, இறால் கட்டு, சில எடத்துல பாலம் தாழ இருக்கும் நாமதான் தலைய குனியணும். திருவிதாங்கூர்ல ரெசிடென்டா, அதாவது வெள்ளைக்காரங்க பிரதிநிதியா இருந்த கர்னல் மன்றோ பேருதான் இந்த தீவுக்கு. இப்ப சொல்றேன், அன்னைக்கு ட்ரெயின்ல ஜன்னலுக்கு கீழ பாத்த அதே தண்ணிதான் இது. கல்லடையாறு வந்து அஷ்டமுடி காயல்ல கலக்குற எடத்துல அது கொண்டாந்து போட்ட வண்டல்ல ஆன தீவு. தென்மலையில அணை கட்டுனதுக்கப்புறம் வண்டல் வர்றது கொறஞ்சு போச்சு, சுனாமிக்கு அப்புறம் கடல் ஏத்தம் வேற அதிகமாயிருச்சு, வேலியேத்தம்னு சொல்லுவாங்க, சில மாசம் வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கும், சுவரு உப்பு பூத்து உதிரும். நிறைய பேரு வீட்ட போட்டுட்டு போயிட்டாங்க. வள்ளத்துல போகும்போது பூட்டுன வீடுங்க தெரியும், படம் எடுக்குறதுக்கு முன்னாடி அங்க ஆள் இருக்காங்களான்னு பாத்துக்கோங்க.

திரும்பி வர்றதுக்கு அந்த கொல்லம் - எக்மோர் எக்ஸ்பிரஸே சரி, அது மத்தியானம் கிளம்புறதால மலை திரும்பவும் பகல்ல கிடைக்கும், போகும்போது மழையில விட்டது வரும்போது தெரியும். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும், பால்கோவா வேணும்னா அங்க வண்டி நிக்கிறது கொஞ்ச நேரந்தான், காச கையில ரெடியா வச்சுக்கோங்க. சென்னைக்கு வந்து சேர்றது விடியக்காலம் மூணு மணிவாக்குல, அந்த நேரத்துல எக்மோர்ல ஆட்டோ என்ன கேப்பான்னு உங்களுக்கே தெரியும், வீடு தாம்பரம் பக்கம்னா அங்கயே இறங்கிருங்க, இல்லேன்னா வெயிட்டிங் ஹால்ல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு முத லோக்கல் ட்ரெயின பிடிச்சு போங்க.